சுபேதாரின் கையில் ஒரு பென்சிலைக் கொடுங்கள்

சென்னை பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையத்தின் தலைமைக்கும், வெலிங்டன் முப்படை அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரியின் ஆசிரியப் பெருமக்களுக்கும், இளம் அதிகாரிகளுக்குப் பாடம் வகுக்கும் பொறுப்பில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

மதராஸ் சாப்பர்ஸ் என்று எல்லோரும் அறிந்த பொறியாளர் படைப்பிரிவில் 26 ஆண்டுகள் பணியாற்றி சுபேதாராக ஓய்வு பெற்றவன் நான். வரைவாளர் என்பது என் தொழில். பாலம், பதுங்கு குழி, மலைச்சாலை, தண்ணீர்த் தொட்டி என்று அளவு பிசகாமல் வரைந்தே என் காலம் கழிந்தது. இம்மடலில் நான் உங்கள் முன் வைப்பதோ அளவுகோலுக்குக் கட்டுப்படாத வேறொரு வரைதல். அனுபவம் முதிர்ந்த படைவீரர் ஒருவர், தம் கண்ணும் கையும் அறிந்திருந்தும் வாய்க்கு வராத ஒன்றை, வெள்ளைத் தாளில் கோடுகளாக இறக்கிவைக்கும் வரைதல் அது. இளம் அதிகாரிகளின் தலைமைப் பயிற்சியில் அதற்கு ஒரு நிலையான இடம் வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இந்த எண்ணம் எனக்குள் விழுந்த நாளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜம்மு காஷ்மீரில் நாங்கள் இருந்தபோது ஒவ்வொரு நாள் விடியலிலும் சாலைத் திறப்புப் பணி நடக்கும். வண்டித் தொடர் கிளம்புவதற்கு முன், புதைத்த வெடி ஏதும் இருக்கிறதா என்று ஒரு குழு சாலையை அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டே நடக்கும். எங்கள் ஆட்கள் கண்டறியும் கருவியோடு உடன் செல்வார்கள். ஒரு நாள் காலை, வற்றிப்போன ஓடை ஒன்றின் மேலிருந்த சிறுபாலத்துக்கு ஐம்பது அடி முன்னால் எங்கள் ஹவில்தார் கையை உயர்த்திக் குழுவை நிறுத்தினார். ராமநாதபுரத்துக்காரர், அதிகம் பேசாதவர். பின்னால் வந்த இளம் லெப்டினன்ட் காரணம் கேட்டதற்கு அவர், “சாப், டீக் நஹி ஹை” என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. எது சரியில்லை என்று இரண்டு முறை கேட்டும் பதில் இல்லை. நாயும் கருவியும் வந்து தேடியபோது பாலத்தின் வாயருகே புதைத்திருந்த வெடிபொருள் கிடைத்தது. அதை இருந்த இடத்திலேயே வெடிக்கச் செய்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அன்றைய அறிக்கையில் இந்த நிகழ்ச்சி ஒரே வரியாகச் சுருங்கியது: சந்தேகத்துக்குரிய இடம் கண்டறியப்பட்டு, வெடிபொருள் செயலிழக்கச் செய்யப்பட்டது. எப்படிக் கண்டறியப்பட்டது, யாருடைய கண்ணுக்கு முதலில் எது பட்டது என்பதற்கு அந்த வரியில் இடமே இல்லை. மாலையில் ஹவில்தாரை என் கூடாரத்துக்கு அழைத்து, வரைதாள் ஒன்றையும் 2பி பென்சிலையும் கொடுத்து, காலையில் பார்த்ததை அப்படியே போடச் சொன்னேன். எனக்கு வரையத் தெரியாது சாப் என்று தயங்கினார். கோடு கோணலாக இருந்தாலும் பரவாயில்லை என்றதும் போடத் தொடங்கினார்.

அவர் முதலில் போட்டது பாலத்தை இல்லை. சாலையின் எதிர்ப்புறம் நின்ற வாதுமை மரத்தை. அடுத்து, தாளின் பாதியை அடைத்துக்கொண்டு சிறுபாலம். பாலத்தின் கைப்பிடிச் சுவர்மேல் மூன்று சின்னக் கோடுகளை இழுத்து, பிறகு அவற்றை விரலால் தேய்த்து அழித்தார். கடைசியாக ஓடையில் கிடந்த கற்களை வட்டம் வட்டமாகப் போட்டு, நான்கே நான்கு கற்களுக்கு மட்டும் கறுப்பு பூசினார். அந்த நான்குக்கு மட்டும் ஏன் என்று கேட்டேன். தாம் வரைந்ததையே புதிதாகப் பார்ப்பவர்போலக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அது நாலும் நனைஞ்சிருந்துச்சு சாப், மத்ததெல்லாம் காய்ஞ்சு கிடந்துச்சு” என்றார். யாரோ கல்லைப் புரட்டியதால் அதன் ஈர அடிப்பக்கம் மேலே வந்திருக்கிறது. காலையில் அவர் கண் அதைப் பார்த்துவிட்டது. பார்த்தது அவருக்கே மாலையில், தம் கை போட்ட கறுப்பைக் கண்ட பிறகுதான் தெரிந்தது. அழித்த மூன்று கோடுகள், தினமும் அந்தச் சுவரில் உட்கார்ந்து வண்டிகளை எண்ணும் பிள்ளைகள். அன்று அவர்கள் வரவில்லை. வாதுமை மரம் எதற்கு என்றேன். ஒவ்வொரு நாளும் அந்த மரத்தடிக்கு வந்ததும் தம் கால் தானாக நின்றுவிடும் என்றும், அங்கிருந்து பார்த்தால்தான் பாலத்தின் அடிப்பாகம் முழுதாகத் தெரியும் என்றும் சொன்னார். அதை அதுவரை அவர் யாரிடமும் சொன்னதில்லை, கேட்டவர்களும் இல்லை.

மறுநாள் அந்தத் தாளை லெப்டினன்டிடம் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு சிறுபாலத்தையும் நெருங்குவதற்கு முன், ‘இதற்கு வாதுமை மரம் எங்கே இருக்கிறது’ என்று தேடத் தொடங்கினார். எந்தப் பாடநூலிலிருந்தும் அந்தக் கேள்வி அவருக்குக் கிடைத்திருக்காது.

இவ்வகை அறிவைப் பற்றி உலகில் பலர் சிந்தித்திருக்கிறார்கள். வேதியியலாளராக இருந்து மெய்யியலாளராக மாறிய ஹங்கேரியரான மைக்கேல் போலன்யி, நாம் சொல்லக்கூடியதைவிட அதிகம் அறிந்திருக்கிறோம் என்று எழுதினார். 1980களில் அமெரிக்க ராணுவத்தின் ஆய்வு நிறுவனம் தந்த நிதியோடு தீயணைப்புத் தலைவர்களை ஆராய்ந்த கேரி கிளைன் என்ற உளவியலாளர், சமையலறைத் தீ என்று நினைத்து ஒரு வீட்டுக்குள் நுழைந்த அதிகாரி, காரணம் தெரியாமலேயே தம் ஆட்களை வெளியே இழுத்துக்கொண்டு வந்ததைப் பதிவு செய்திருக்கிறார். அவர்கள் வெளியேறிய சற்று நேரத்தில் தரை இடிந்து விழுந்தது. உண்மையான தீ அடியிலிருந்த நிலவறையில் எரிந்துகொண்டிருந்தது. தமக்கு ஏதோ புலனுக்கு அப்பாற்பட்ட ஆற்றல் இருப்பதாகவே அந்த அதிகாரி நம்பியிருந்தார். கிளைன் பொறுமையாகத் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் காரணங்கள் வெளிவந்தன: நெருப்பின் அளவுக்குப் பொருந்தாத வெப்பம், தண்ணீருக்கு அடங்காத தீ, எதிர்பார்த்த இரைச்சல் இல்லாத அமைதி. நம் வீட்டில் இதற்குத் தொலைதூர ஆய்வு தேவையில்லை. மார்கழிக் கோலம் போடும் ஓர் அம்மாவிடம் இதற்கு எத்தனை புள்ளி, எந்தக் கோடு முதலில் என்று கேட்டுப் பாருங்கள். “இரு, போட்டுக் காட்டுறேன்” என்பதுதான் பதிலாக வரும்.

வெலிங்டன் கல்லூரியில் இருப்பவர்களுக்கு இன்னும் நெருக்கமான சான்று ஒன்று உண்டு. உங்கள் ஊருக்குப் பெயர் தந்த வெலிங்டன் பிரபு, ஆர்தர் வெல்லெஸ்லி என்ற இளம் தளபதியாக 1803 செப்டம்பர் 23 அன்று, இன்றைய மகாராஷ்டிரத்தின் ஜால்னா மாவட்டத்திலுள்ள அசாயேயில், தம்மைவிடப் பன்மடங்கு பெரிய மராட்டியப் படையைச் சந்தித்தார். கைத்னா ஆற்றைக் கடக்கத் துறையே இல்லை என்று வழிகாட்டிகள் உறுதியாகச் சொன்னார்கள். அவரோ ஆற்றின் இரு கரையிலும் நேருக்கு நேராக இரண்டு ஊர்கள் இருப்பதைக் கவனித்தார். போக்குவரத்துக்கு ஒரு துறை இல்லாமல் மக்கள் இப்படி எதிரெதிரே குடியேறியிருக்க மாட்டார்கள் என்று முடிவு செய்தார். துறை இருந்தது, படை கடந்தது. மலைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று ஊகிப்பதே தம் தொழில் என்று அவர் பிற்காலத்தில் சொன்னது இந்தப் பழக்கத்தைத்தான். அவர் யாருக்காகப் போரிட்டார், யாருடைய மண்ணைப் பறிக்கப் போரிட்டார் என்பது வேறு வழக்கு. அதை நான் மறக்கவில்லை. ஆனால் அன்று அவரோடு நின்றவர்களில் பெரும் பகுதியினர் மதராஸ் சிப்பாய்கள் என்பதையும், மதராஸ் ரெஜிமென்ட்டின் சின்னத்தில் இன்றும் நிற்கும் யானை அந்தப் போரின் நினைவு என்பதையும் நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

அந்த முடிவை இப்போது தாளில் போட்டுப் பாருங்கள். ஒரு வளைகோடு ஆறு. அதன் இருபுறமும் இரண்டு புள்ளிகள் ஊர்கள். இவ்வளவுதான். அதைப் பார்க்கும் எந்தப் பயிற்சி மாணவருக்கும் நடுவே ஒரு புள்ளிக்கோடு இழுக்கத் தோன்றிவிடும். ‘நிலத்தை ஊன்றிக் கவனி’ என்று நூறு முறை சொன்னாலும் புரியாத ஒன்று, இரண்டு புள்ளியிலும் ஒரு கோட்டிலும் புரிந்துவிடுகிறது.

படைக்கும் வரைதலுக்கும் இருந்த உறவு பழையது. இங்கிலாந்தின் வூல்விச் ராணுவ அகாடமியில் பால் சாண்ட்பி என்ற ஓவியர் 1768 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தலைமை ஓவிய ஆசிரியராக இருந்தார். அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட்டில் ராபர்ட் வெய்ர் 1834 முதல் 1876 வரை வருங்கால அதிகாரிகளுக்கு ஓவியம் கற்றுக்கொடுத்தார். சென்னையில் 1794இல் நில அளவைப் பள்ளி தொடங்கியது. பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் நோக்கி ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளத்துக்கு வில்லியம் லாம்டன் என்ற படை அதிகாரி 1802 ஏப்ரல் 10 அன்று அளக்கத் தொடங்கிய, நில அளவைக்கு அடிப்படையான முதல் கோடுதான் பின்னர் இமயம் வரை நீண்டது. புகைப்படமும் அச்சிட்ட வரைபடமும் வந்த பிறகு, அதிகாரி கையால் வரைய வேண்டிய தேவை இல்லை என்று கருதி அந்தப் பாடத்தை ஒவ்வொரு நாடாகக் கைவிட்டது. நிலத்தின் உருவத்தைப் பதிவு செய்வது மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால் அந்த முடிவு சரிதான். இன்று ட்ரோன் அதை நொடியில் செய்துவிடும். ஆனால் ட்ரோன் படத்தில் எல்லாம் ஒரே எடையோடு இருக்கிறது. நனைந்த கல்லும் காய்ந்த கல்லும் அங்கே கல்தான். உட்கார வராத பிள்ளைகளை எந்தப் படமும் காட்டாது. பார்ப்பவரின் கவனம் எங்கே குவிந்தது என்பது கையால் போட்ட கோட்டில்தான் தெரியும். வரைதலைக் கைவிட்டபோது அதையும் சேர்த்துக் கைவிட்டுவிட்டோம்.

சாண்ட் மாடல் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். நானே எத்தனையோ மணல் மாதிரிகளைக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். பச்சைப் பொடியும் நீல நூலும் குச்சிக் கொடிகளும் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. அதன் மதிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மணல் மாதிரி, ஆசிரியர் முன்கூட்டியே தீர்மானித்துத் தரும் நிலம். மேடும் ஓடையும் சரியான விகிதத்தில் அமைந்துவிட்ட பிறகு, அதைச் சுற்றி நிற்பவர்கள் படையை எங்கே நகர்த்தலாம் என்று பேசுவார்களே தவிர, ‘நான் இருந்தால் முதலில் எங்கே பார்ப்பேன்’ என்ற கேள்வி எழாது. என் ஹவில்தார் போட்ட படத்தில் விகிதம் முழுக்கத் தவறு. பாலம் மலையைவிடப் பெரிது. அந்தத் தவறில்தான் அவருடைய அறிவு இருந்தது. எது பெரிதாகிறது, எது சிறுக்கிறது, எது விடுபடுகிறது, எதை அழித்துவிட்டு மீண்டும் போடுகிறார் என்பவற்றைப் படிக்கத் தெரிந்தால், அவர் தலைக்குள் இருக்கும் நிலத்தையே படித்துவிடலாம்.

இதைச் செய்யும் முறையை நான் கண்ட அளவில் சொல்கிறேன். மூத்த வீரரைப் பேச விடுவதற்கு முன் வரைய விட வேண்டும். பேசிவிட்டால் அறிக்கை மொழி வந்து உட்கார்ந்துகொள்ளும், பிறகு கை அந்த மொழிக்கே படம் போடும். தாளில் கட்டம் இருக்கக் கூடாது. ஸ்கேல் கொடுக்கக் கூடாது. ஒரே நிகழ்ச்சிக்கு மூன்று தாள் கொடுத்தால், சந்தேகம் வருவதற்கு முன், வந்த கணம், முடிவெடுத்த பின் என்று தனித்தனியாகப் போடுவார். இரண்டாவது தாளுக்கும் முதல் தாளுக்கும் உள்ள வேறுபாடுதான் நாம் தேடுவது. அருகில் இருப்பவர் கோட்டின் வரிசையைக் குறித்துக்கொள்ள வேண்டும். முடிந்த படத்தில் வரிசை தெரியாது. கேள்விகள் எப்போதும் படத்தைப் பற்றியே இருக்க வேண்டும். ‘நீங்கள் ஏன் அப்படி முடிவெடுத்தீர்கள்’ என்றால் ஒரு சுபேதார் எழுந்து நின்று விறைப்பாகிவிடுவார். ‘இந்தக் கோடு ஏன் இங்கே வளைகிறது’ என்றால் குனிந்து பார்த்துப் பேசத் தொடங்குவார். அதன்பின், அதே நிலத்தின் புகைப்படத்தைப் பயிற்சி மாணவர்களுக்குக் காட்டி, அவர்களையும் நினைவிலிருந்து வரையச் சொல்லி, இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். மூத்தவர் போட்டிருந்து, மாணவர் போடாமல் விட்டதை மாணவரே எழுந்து சொல்லட்டும். ஆசிரியர் அதிகம் பேச வேண்டியிருக்காது.

இது நிலத்துக்கும் வெடிக்கும் மட்டும் உரிய கருவி என்று எண்ணிவிட வேண்டாம். தலைமை என்பது பெரும்பாலும் மனிதர்களைப் பார்க்கத் தெரிவதுதான். எனக்கு மூத்த சுபேதார் ஒருவரிடம் அவருடைய பிளாட்டூனைப் படமாகப் போடச் சொன்னேன். அவர் ராணுவ வரிசையில் போடவில்லை; லங்கரில், அதாவது படைவீரர் சமையற்கூடத்தில், இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும் விதத்தில் போட்டார். முப்பத்துச் சொச்சம் புள்ளிகள், கொத்துக் கொத்தாக. யார் யாரோடு சேருகிறார்கள், யார் சிரிக்க வைப்பவர், யாரைச் சுற்றி மற்றவர்கள் வட்டமிடுகிறார்கள் என்பதெல்லாம் அந்தக் கொத்துகளில் தெரிந்தன. ஒரு புள்ளி மட்டும் அடுப்புக்குப் பக்கத்தில் தனியாக இருந்தது. அதை நான் சுட்டியதும் அவர் பென்சிலைக் கீழே வைத்தார். விடுப்பு முடிந்து ஊரிலிருந்து வந்து ஒன்பது நாளாகிய பையன் அவன். வந்ததிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டு சமையல்காரர் அருகே நின்றபடியே சாப்பிடுகிறான். அவருக்கு அது தெரிந்தே இருந்தது. தெரிந்திருக்கிறது என்பது தெரியாமல் இருந்தது. அன்றிரவே அவனை அழைத்துப் பேசினார். வீட்டில் கடன், தகராறு, சொல்ல முடியாத அவமானம். கம்பெனி கமாண்டர் மூலம் மீண்டும் விடுப்பும் உதவியும் கிடைக்க வழி செய்தார். பணியில் சேர்ந்து ஆறு மாதமான ஓர் அதிகாரியிடம் தம் பிளாட்டூனை இப்படி வரையச் சொன்னால் மூன்று நேர்வரிசைகள்தான் வரும் என்று நினைக்கிறேன். அதில் அவர் தவறு எதுவும் இல்லை. பார்க்கக் கற்றுக்கொடுக்க வேண்டியது நம் பொறுப்பு.

மொழியைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நம் படையில் ஒரு தமிழரோ மலையாளியோ நாகாவோ, தம் அனுபவத்தைத் தமக்கு அரைகுறையாக வந்த இந்தியில் அதிகாரியிடம் சொல்ல வேண்டிய நிலை அடிக்கடி வருகிறது. பதவி தரும் தயக்கம் ஒரு பக்கம், மொழி தரும் தயக்கம் மறுபக்கம். ‘டீக் நஹி ஹை’ என்பதற்கு மேல் என் ஹவில்தார் சொல்லாததற்கு இரண்டுமே காரணம். அவருடைய பென்சிலுக்கு அந்தத் தயக்கம் இருக்கவில்லை.

எதிர்வாதங்களையும் நான் அறிவேன். மூத்தவர்கள் எல்லோருடைய உள்ளுணர்வும் சரியாகவே இருக்கும் என்று நான் சொல்லவில்லை. கிளைனும், உள்ளுணர்வை நம்பத் தயங்கிய உளவியலாளரான டேனியல் கானமனும் 2009இல் சேர்ந்து எழுதிய கட்டுரையில் ஒரு முக்கியமான வரம்பைச் சொன்னார்கள்: சூழலில் ஓர் ஒழுங்கு இருந்து, செய்தது சரியா தவறா என்ற பதிலும் திரும்பத் திரும்பக் கிடைத்திருந்தால்தான் ஒருவருடைய உள்ளுணர்வை நம்பலாம். அதனால் படத்தை வேதமாகக் கொள்ளாமல், உண்மையில் அங்கே என்ன இருந்தது என்பதோடு ஒப்பிட்டாக வேண்டும். தாளில் இருக்கும் தவறைச் சுட்டலாம். மனத்துக்குள் இருக்கும் தவறைச் சுட்ட வழியில்லை. ஒருவர் தம் தவறான நம்பிக்கையையும் வரைந்துவிடுவார் என்பது இம்முறைக்கு இருக்கும் இன்னொரு பயன். ரகசியக் காப்பைப் பொறுத்தவரை, இடப்பெயரும் ஆட்பெயரும் இல்லாமல் வரையலாம். தாள்கள் வளாகத்தை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. வரையத் தெரியாதே என்ற தயக்கம் முதல் பத்து நிமிடத்தில் போய்விடும்.

என் வாழ்வில் மனம் நொந்த ஒரு நிகழ்ச்சியையும் மறைக்க விரும்பவில்லை. பணியின் இறுதிக் காலத்தில், ஒரு பயிற்சி நிலையத்தில் இப்படிச் சேர்த்த படங்கள் சிலவற்றை ஒரு மூத்த அதிகாரியிடம் கொண்டுபோனேன். இரண்டு தாளைப் புரட்டிவிட்டு, ஸ்கேல் இல்லை, வடக்குக் குறி இல்லை, வரைவாளராக இருந்துகொண்டு இப்படியா என்று திருப்பிக் கொடுத்தார். அவை என் படங்கள் இல்லை என்று சொல்லக்கூட எனக்கு அன்று வாய் வரவில்லை. அந்த அதிகாரி நல்லவர். அவருக்கு யாரும் வேறுவிதமாகக் கற்றுக்கொடுக்கவில்லை. அதனால்தான் இந்த மடலை எந்தத் தனி மனிதருக்கும் எழுதாமல், கற்றுக்கொடுக்கும் இடங்களுக்கு எழுதுகிறேன்.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அன்று. 1962 போருக்குப் பின் அதிகாரிகள் பற்றாக்குறையாக இருந்த நிலையில், 1963இல் பரங்கிமலையில் தொடங்கிய உங்கள் மையம், இன்று 49 வாரங்களில் ஆண்களையும் பெண்களையும் அதிகாரிகளாக்கி அனுப்புகிறது. அந்த 49 வாரங்களில் ஆறு பிற்பகல்களை இதற்கு ஒதுக்குங்கள். உங்களுக்கு மூன்று மணி நேரப் பயணத் தொலைவில் வேலூர் மாவட்டம் இருக்கிறது. வீட்டுக்கு வீடு படைவீரர் இருக்கும் கம்மவான்பேட்டை போன்ற ஊர்கள் இருக்கின்றன. மலையிலும் பாலையிலும் வடகிழக்குக் காடுகளிலும் கால் நூற்றாண்டைக் கழித்த சுபேதார்களும் ஹவில்தார்களும் அங்கே வங்கிக் காவலர்களாகவும் விவசாயிகளாகவும், வெறுமனே திண்ணையில் உட்கார்ந்தும் இருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் அவர்களில் சிலர் போய்விடுகிறார்கள். என் ராமநாதபுரத்து ஹவில்தாரும் போய்விட்டார். நான் அவரிடம் வாங்கிய படம் ஒன்றே ஒன்று. இன்னும் இருபது வாங்கியிருக்கலாம்.

ஒரு வண்டி அனுப்பி, பத்துப் பேரை அழைத்து, உங்கள் வகுப்பறை மேசைகளில் கேடட்டுகளோடு கலந்து உட்கார வையுங்கள். முதல் முறை தாள்களும் பென்சில்களும் என் செலவில் கொண்டுவருகிறேன். கோட்டின் வரிசையைக் குறித்துக்கொள்ள இரண்டு கேடட்டுகளை மட்டும் கொடுத்தால் போதும்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற சுபேதார், மதராஸ் சாப்பர்ஸ்
வேலூர் மாவட்டம்